ரெண்டு ப்ராசஸர், ஒரு வீட்டு சர்வர்: எதை நம்பி வாங்குறது?

போன எபிசோட்ல வீட்டு சர்வர் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிட்டுக் கடந்து போனேன். அதைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான்: "டேட்டா சென்டர்ல இருந்து கழட்டின ஜீயான் சிப் எல்லாம் இப்போ அடிமாட்டு விலைக்குக் கிடைக்குதே, ரெண்டு வாங்கிப் போட்டு வீட்டுல ஒரு சர்வர் கட்டலாமா? எந்த போர்டு, எந்த ராம்?"

கட்டலாம். நான் ரெண்டு தடவை கட்டியிருக்கேன். ரெண்டாவது தடவை எதுக்காகக் கட்ட வேண்டி வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன். இன்னைக்குச் சொல்லப்போற பாதி விஷயம் அந்தக் கதையிலிருந்துதான் வருது.

பாட்டியின் கேசட்

எங்க பாட்டி பாடின தாலாட்டு, கும்மிப் பாட்டு எல்லாத்தையும் 90-களில் எங்க அத்தை ஒரு டேப் ரெக்கார்டரில் பதிஞ்சு வச்சிருந்தாங்க. மொத்தம் 11 பதிவு. பாட்டி இறந்து பல வருஷம் ஆச்சு. கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சதும், ஒரு பழைய ப்ளேயரை லேப்டாப்பில் இணைச்சு எல்லாத்தையும் வேவ் ஃபைலா மாத்தினேன். அத்தை கேசட்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க. "இனிமே அது தேவையில்ல அத்தை"ன்னு சொன்னது நான்தான்.

அந்தச் சமயத்துலதான் என் முதல் சர்வரைக் கட்டியிருந்தேன். கம்பெனி பேரே இல்லாத ஒரு டூயல் சாக்கெட் போர்டு, ரெண்டு பழைய ஜீயான், கையில் இருந்த சாதாரண டெஸ்க்டாப் ராம். 28 கோர். டாஸ்க் மானிட்டரில் அத்தனை கோரும் வரிசையா நிக்கறதைப் பார்க்கவே பெருமையா இருந்தது. பாட்டி பாட்டு, குடும்பப் போட்டோ எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டு, லேப்டாப்பில் இடம் இல்லைன்னு அங்கிருந்து அழிச்சுட்டேன்.

சில மாசம் கழிச்சு, பாட்டி திவசத்தன்னைக்கு அம்மா ஒரு பாட்டைப் போடச் சொன்னாங்க. போட்டேன். பாட்டி குரலுக்கு நடுவுல "டப், டப், டப்"னு சத்தம். ஸ்பீக்கர் பிரச்சினைன்னு நினைச்சேன். வேற ஸ்பீக்கர், அதே சத்தம், அதே இடத்துல. 11-ல் 3 பதிவு இப்படி. அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் கேட்டாங்க: "ரெண்டு மூளை வச்ச மெஷின்னு சொன்னியேடி. ரெண்டுல ஒண்ணு கூடவா ஞாபகம் வச்சுக்கல?"

அந்தக் கேள்விக்கு ஒரு இன்ஜினியரா பதில் தேடினேன். டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. நான் பயன்படுத்தினது இசட்எஃப்எஸ். எழுதுற ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் போட்டு வச்சுக்கிற ஃபைல் சிஸ்டம். முழு டிஸ்க்கையும் ஸ்க்ரப் பண்ணிப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லைன்னு சொல்லிடுச்சு. கடைசியில் மெம்டெஸ்ட் ஓட்டினப்போதான் தெரிஞ்சது, ஒரு ராம் ஸ்டிக் கெட்டுப் போயிருந்தது.

நெட்வொர்க் வழியா வர்ற ஃபைல் முதல்ல ராமில் உட்காரும். அங்கேயே ஒரு பிட் புரண்டுடுச்சு. அதுக்கப்புறம்தான் செக்சம் கணக்கிட்டாங்க. கணக்குப்பிள்ளை சரியாத்தான் எழுதினார். அவர் காதில் விழுந்த எண்ணே தப்பு. அதனால அவர் பேரேட்டில் எல்லாம் சரியா இருந்தது.

ரெண்டு இருந்தா ஒண்ணு காப்பாத்துமா?

அம்மா கேட்ட கேள்வியில் ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க: ரெண்டு இருந்தா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பார்த்துக்கும். நம்மில் பல பேர் டூயல் ப்ராசஸர் சர்வர் வாங்குறதும் இதே நினைப்பில்தான். டிஸ்க் விஷயத்தில் இது உண்மை. மிரர் பண்ணி வச்சா ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணு ஓடும். ப்ராசஸர் விஷயத்தில் அப்படிக் கிடையாது. நம்ம கைக்கு எட்டுற டூயல் சாக்கெட் போர்டில், ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு ப்ராசஸர் படுத்தால் மொத்த மெஷினும் படுத்துடும்.

இன்னும் சொல்லப்போனா, ரெண்டு ப்ராசஸர்னா ரெண்டு சாக்கெட், ரெண்டு கூலர், ரெண்டு மடங்கு ராம் ஸ்லாட், ரெண்டு பவர் கனெக்டர். கெட்டுப்போக வாய்ப்புள்ள இடம் அத்தனையும் ரெண்டாகுது. அதனால ரெண்டு ப்ராசஸர் வேணும்னா, ஒவ்வொரு பாகத்திலும் முன்னைவிடக் கறாரா இருக்கணும். அதுதான் இந்த எபிசோடோட சுருக்கம்.

இந்த ஆசை புதுசும் இல்ல. 1999-ல் ஏபிட் பிபி6-னு ஒரு மதர்போர்டு வந்தது. இன்டெல் மலிவு விலைக்கு வித்த ரெண்டு செலரான் சிப்பை அதில் பக்கத்துல பக்கத்துல மாட்டி ஓட்டலாம். அதுவரைக்கும் கம்பெனிக்காரங்க மட்டும் வாங்க முடிஞ்ச டூயல் ப்ராசஸர் மெஷின், வீட்டுப் பையன்கள் கைக்கு வந்தது. ஆனா விண்டோஸ் 98-க்கு ரெண்டாவது ப்ராசஸரைப் பார்க்கவே தெரியாது. என்டியோ லினக்ஸோ போட்டால்தான் பலன். கொஞ்ச வருஷம் போனதும், பல போர்டில் கெப்பாசிட்டர் உப்பி, மெஷின் காரணமே தெரியாமல் ஹேங் ஆக ஆரம்பிச்சது. மலிவான வேகம், கூடவே வந்த தலைவலி. 25 வருஷத்துக்கு அப்புறம் நானும் அதே குழியில்தான் விழுந்திருக்கேன்.

சிப்: பேரிலேயே பதில் இருக்கு

சரி, வாங்குறதுக்கு வருவோம். டெஸ்க்டாப் கோர் ஐ5, ஐ7, ரைசன் இதெல்லாம் ரெண்டு போட்டு ஓட்ட முடியாது. ஜீயான் ஈ5 வரிசையில் கோட்டுக்கு அப்புறம் வர்ற முதல் எண்ணைப் பாருங்க. ஈ5-1650-னா ஒரே சாக்கெட். ஈ5-2680-னா ரெண்டு வரைக்கும். ஈ5-4650-னா நாலு வரைக்கும். ஏஎம்டி எபிக் பக்கம் போனா, கடைசியில் "பி"ன்னு முடியுற மாடல் ஒரு சாக்கெட்டுக்கு மட்டும்தான். விலை கம்மியா இருக்கேன்னு அதில் ரெண்டு வாங்கிட்டு வந்து நிக்காதீங்க.

அடுத்தது தலைமுறை. ஈ5 வி1, வி2 ரெண்டும் டிடிஆர்3 ராம். வி3 2014-ல் வந்தது, வி4 2016-ல். இவை டிடிஆர்4, சாக்கெட் எல்ஜிஏ 2011-3. இப்போ வாங்கினா வி4-க்குக் கீழே போகாதீங்கன்னுதான் சொல்வேன். நான் இப்போ ஓட்டுறது ரெண்டு ஈ5-2680 வி4. ஒவ்வொண்ணும் 14 கோர், 120 வாட். இதே வரிசையில் 2630எல் வி4-னு 10 கோர், 55 வாட் சிப்பும் இருக்கு. ஆனா ஒண்ணு, அந்த வாட் கணக்கு முழு வேலையில் ஓடும்போது சூடு எவ்வளவுன்னு சொல்றது. நம்ம வீட்டு சர்வர் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்கும்போது ரெண்டு வகையும் இழுக்கிற மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் வராது. கூலர் சின்னதா வேணும், சத்தம் கம்மியா வேணும்னா எல் வகை வாங்குங்க. கரண்ட் பில் குறையும்னு வாங்காதீங்க.

ராம்: இங்க கஞ்சத்தனம் வேண்டாம்

நான் தோத்த இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். இசிசி ராமில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடுதலா 8 பிட் இருக்கும். ஒரு பிட் புரண்டா அதுவே திருத்திடும். ரெண்டு பிட் புரண்டா, திருத்த முடியாட்டியும் "தப்பு நடந்திருக்கு"ன்னு கத்தும். சத்தமில்லாமல் தப்பைக் கடத்தி விடாது.

"அட, இதெல்லாம் எப்பவோ நடக்கிறது"ன்னு தோணும். 2009-ல் கூகுள் தன்னோட சர்வர்களை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரு வருஷத்தில் மூணில் ஒரு பங்கு மெஷின்களில் குறைஞ்சது ஒரு மெமரி பிழையாவது வந்திருக்கு. ஸ்டிக் கணக்கில் பார்த்தா 8 சதவீதத்துக்கு மேல. பிழை எல்லா ஸ்டிக்கிலும் சமமா வரல, ஒரு தடவை பிழை காட்டின ஸ்டிக் திரும்பத் திரும்பக் காட்டும்னும் அதில் சொல்லியிருந்தாங்க. அதாவது கெட்ட ஸ்டிக்கைக் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சது. கண்டுபிடிக்கத்தான் இசிசி வேணும்.

டூயல் ஜீயான் போர்டுக்கு வாங்க வேண்டியது ரெஜிஸ்டர்டு இசிசி, சுருக்கமா ஆர்டிம். எல்ஆர்டிம்னு இன்னொரு வகை இருக்கு. ரெண்டையும் ஒரே போர்டில் கலக்க முடியாது. டெஸ்க்டாப்பில் போடுற யூடிம்மையும் இதுகூடச் சேர்க்கக் கூடாது. ஈ5 வி4-ல் ஒரு ப்ராசஸருக்கு நாலு மெமரி சேனல். ரெண்டுக்கும் சேர்த்து எட்டு. அதனால 64 ஜிபி வேணும்னா, 32 ஜிபி ஸ்டிக் ரெண்டைவிட 8 ஜிபி ஸ்டிக் எட்டு வாங்குறது நல்லது. எட்டும் ஒரே பார்ட் நம்பரா இருந்தா உத்தமம்.

ஏன் எட்டு? ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனித்தனி ராம். பக்கத்து வீட்டு ராம் வேணும்னா நடுவில் இருக்கிற இணைப்பைத் தாண்டிப் போய்த்தான் எடுக்கணும். இதைத்தான் நியூமான்னு சொல்வாங்க. ஒரு பக்கம் ராமே இல்லைன்னா அந்த ப்ராசஸர் எல்லாத்துக்கும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கும். பிசிஐ ஸ்லாட்டும் அப்படித்தான், ஒவ்வொரு ஸ்லாட்டும் ஏதோ ஒரு ப்ராசஸருக்குச் சொந்தம். போர்டு மேனுவலில் பிளாக் டயாகிராம் இருக்கும். டிஸ்க் கன்ட்ரோலரையும் நெட்வொர்க் கார்டையும் ஒரே ப்ராசஸர் பக்கமா மாட்டுங்க.

இதில் ஒரு சௌகரியமும் இருக்கு. கையில் காசு கம்மியா இருந்தா முதல் சாக்கெட்டில் மட்டும் ஒரு சிப் போட்டு ஆரம்பிக்கலாம். ரெண்டாவது சாக்கெட்டுக்குச் சொந்தமான ராம் ஸ்லாட்டும் பிசிஐ ஸ்லாட்டும் வேலை செய்யாது, அவ்வளவுதான். பின்னாடி அதே மாடல் சிப் ஒண்ணு வாங்கிச் சேர்த்துக்கலாம்.

போர்டு, கேபினெட், கூலர்

போர்டில் நான் பார்ப்பது மூணு விஷயம். ஒண்ணு, தயாரிப்பாளர் யாருன்னு தெரியணும், பயாஸ் அப்டேட் இன்னும் அவங்க தளத்தில் கிடைக்கணும். ரெண்டு, ஐபிஎம்ஐ. இது மெஷினுக்குள் இருக்கிற தனிக் குட்டி கம்ப்யூட்டர். சர்வர் தொங்கினாலும் வேற ரூமில் இருந்து ஸ்க்ரீனைப் பார்க்கலாம், ரீபூட் பண்ணலாம், எந்த ஸ்லாட் ராமில் பிழை வந்ததுன்னு லாகில் படிக்கலாம். அதோட பாஸ்வேர்டை முதல் நாளே மாத்துங்க, இன்டர்நெட் பக்கம் திறந்து வைக்காதீங்க. மூணு, அளவு. பல டூயல் போர்டுகள் 12-க்கு 13 இன்ச். சாதாரண கேபினெட்டில் உட்காராது, உட்கார்ந்தாலும் திருகு ஓட்டை பொருந்தாது. கேபினெட் எஸ்எஸ்ஐ-ஈஈபி-யை ஏத்துக்குமான்னு பார்த்துட்டு வாங்குங்க. என்னோடது சூப்பர்மைக்ரோ எக்ஸ்10டிஆர்எல்-ஐ. சாதாரண ஏடிஎக்ஸ் அளவு, 8 ராம் ஸ்லாட். இடம் சின்னதுங்கறதால அதை எடுத்தேன்.

பழைய போர்டு வாங்கும்போது ரெண்டு சாக்கெட்டையும் மூடியைத் திறந்து, மொபைல் கேமராவில் ஜூம் பண்ணிப் பாருங்க. ஒவ்வொண்ணிலும் 2011 பின். ஒரு பின் வளைஞ்சிருந்தா ஒரு ராம் சேனலே காணாமல் போகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரா போய் வாங்குறதில் இருக்கிற லாபம் இதுதான். ஆன்லைன்னா சாக்கெட் போட்டோ அனுப்பச் சொல்லுங்க. அனுப்ப மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க.

கூலர் வாங்கும்போது நிறைய பேர் மாட்டிக்கிற இடம் ஒண்ணு: இந்த சாக்கெட்டில் ஸ்கொயர், நேரோன்னு ரெண்டு மவுண்ட் உண்டு. ஸ்கொயர்ல திருகு இடைவெளி 80-க்கு 80 மில்லிமீட்டர். நேரோவில் 56-க்கு 94. ஒண்ணுக்கு வாங்கின கூலர் இன்னொண்ணில் உட்காராது. பழைய சர்வரில் வர்ற ஃபேன் இல்லாத ஹீட்சிங்க்கை மட்டும் மாட்டிட்டு விட்டுடாதீங்க. அது கேபினெட்டுக்குள் புயல் மாதிரி காத்து அடிக்கிற டேட்டா சென்டருக்காகச் செஞ்சது. நம்ம ஊர் மே மாசம் ரூமே 35 டிகிரி. சாக்கெட் ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா இருந்தா, முதல் ப்ராசஸர் விடுற சூடான காத்துதான் ரெண்டாவதுக்குப் போகும். அது சில டிகிரி கூடுதலாத்தான் காட்டும், பயப்படாதீங்க, ஆனா கணக்கில் வச்சுக்கோங்க.

கரண்ட்

பவர் சப்ளையில் ப்ராசஸருக்குப் போற 8 பின் கேபிள் ரெண்டு இருக்கணும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வர்ற 8 பின் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனா வயரிங் வேற. வம்படியா அழுத்தி மாட்டினா போர்டு காலி. அளவைக் கணக்குப் போடுவோம். ரெண்டு சிப் 240 வாட். ஹார்டு டிஸ்க் ஒவ்வொண்ணும் சுத்த ஆரம்பிக்கும் நொடியில் 20 வாட்டுக்கு மேல இழுக்கும், ஆறு டிஸ்க்னா 150 வச்சுக்குவோம். போர்டு, ராம், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 60. ஆக 450. நல்ல 650 வாட் ஒண்ணு போதும், 1000 வாட் தேவையில்ல.

வீட்டில் இன்வர்ட்டர் இருக்கே, யூபிஎஸ் எதுக்குன்னு கேட்பீங்க. கரண்ட் போனதும் பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரை வச்சுத் தாக்குப்பிடிக்கிறது சுமார் 16 மில்லி செகண்டு. இன்வர்ட்டர் நார்மல் மோடில் இருந்தா மாறுறதுக்கு அதைவிட அதிக நேரம் ஆகலாம். பின்னாடி இருக்கிற ஸ்விட்சை யூபிஎஸ் மோடுக்கு மாத்துங்க. ஆனா இன்வர்ட்டர் "பேட்டரி தீரப்போகுது"ன்னு சர்வருக்குச் சொல்லாது. யூஎஸ்பி கேபிள் உள்ள ஒரு யூபிஎஸ் சொல்லும், சர்வர் ஒழுங்கா ஷட்டவுன் ஆகும்.

இப்போ பில். என் சர்வர் சும்மா இருக்கும்போது ப்ளக் மீட்டரில் 105 வாட் காட்டுது. ரெண்டு மாசத்துக்கு 151 யூனிட். தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், 500-ஐத் தாண்டினா முழுக் கணக்குமே வேற ஸ்லாப்புக்குப் போயிடும். ஏசி ஓடுற மாசத்தில் எங்க வீட்டை 500-க்கு அந்தப் பக்கம் தள்ளி விடுறது இந்த சர்வர்தான். அப்பா ஒவ்வொரு பில்லுக்கும் என்னைத்தான் பார்ப்பார்.

உண்மையிலேயே ரெண்டு வேணுமா?

நேர்மையாச் சொல்லணும்னா, பாதிப் பேருக்கு வேண்டாம். போட்டோ, படம், பேக்கப், நாலஞ்சு கன்டெய்னர் இதுதான் வேலைன்னா, இசிசி ஆதரிக்கிற போர்டில் ஒரே ஒரு புது ப்ராசஸர் போதும். கம்மி கரண்ட், கம்மி சூடு, கம்மி தலைவலி. ஒரு எச்சரிக்கை: டிடிஆர்5 ராமில் "ஆன்-டை இசிசி"ன்னு போட்டிருப்பாங்க. அது சிப்புக்குள் நடக்கிற திருத்தம் மட்டும். ராமிலிருந்து ப்ராசஸர் வரைக்கும் வர்ற வழியை அது காக்காது. நான் சொல்ற முழு இசிசி வேற.

நிறைய ராம் ஸ்லாட் வேணும், டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, ஜிபியுன்னு நிறைய கார்டு மாட்டணும், பத்து இருபது விர்ச்சுவல் மெஷின் ஓட்டிக் கத்துக்கணும்னா, ரெண்டு ப்ராசஸர் நியாயம். ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் பார்த்துக்கோங்க. விண்டோஸ் ஹோம் ஒரு சாக்கெட்டை மட்டும்தான் பயன்படுத்தும், ப்ரோ ரெண்டு வரைக்கும். லினக்ஸில் இந்தத் தொல்லை இல்ல.

எது வாங்கினாலும், முதல் வாரம் அதில் ஒரு ஃபைலும் போடாதீங்க. மெம்டெஸ்ட் ஒரு முழு நாள். எல்லா கோரையும் முழு வேகத்தில் ஒரு ராத்திரி ஓட்டி வெப்பம் பார்க்கணும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நீளமான ஸ்மார்ட் டெஸ்ட். ஐபிஎம்ஐ லாகும் லினக்ஸ் லாகும் சுத்தமா இருந்தால்தான் வேலையில் இறக்கணும். நான் முதல் தடவை அந்த ஒரு நாள் மெம்டெஸ்ட் ஓட்டியிருந்தா, இந்தக் கதையே இருந்திருக்காது.

இன்னொண்ணு. இசிசி, இசட்எஃப்எஸ், யூபிஎஸ் எல்லாம் இருந்தாலும் ஒரு சர்வர் ஒரு சர்வர்தான். மூணு பிரதி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வேற வீட்டில். பழைய விதி, இன்னும் அதைவிட நல்லது வரல. மூலத்தை அழிக்கிறதுக்கு முன்னாடி, போய்ச் சேர்ந்த பிரதியை ஒரு தடவை திறந்து பாருங்க, காதால கேளுங்க.

கெட்டுப்போன 3 பதிவில் ஒண்ணு திரும்பக் கிடைச்சது. நான் டிஜிட்டலா மாத்தின அன்னைக்கே சந்தோஷத்தில் அத்தைக்கு ஒரு தாலாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். நாலு வருஷப் பழைய போனில், சுருங்கிப் போன தரத்தில், அது அப்படியே இருந்தது. 28 கோர் காப்பாத்தாததை ஓரம் உடைஞ்ச ஒரு போன் காப்பாத்தியிருக்கு. மத்த ரெண்டும் இன்னும் டப் டப்தான். நான் அழிக்கல, அப்படியே வச்சிருக்கேன். நடுநடுவே பாட்டி குரல் கேட்குதே.

இப்போ அந்த 11 ஃபைலும் என் சர்வரில் ஒண்ணு, கழட்டி வச்ச ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒண்ணு, அத்தை வீட்டு அலமாரியில் ஒண்ணுன்னு மூணு இடத்தில் இருக்கு. இந்த வாரம் உங்க வீட்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கிற ஃபைல் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. சர்வர் அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல அதை இன்னொரு இடத்தில் காப்பி பண்ணி வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.